ஒரு பொம்மைக்குப் பதினாலு கிராம்

பெட்டியைப் பிரித்த அன்று மன்றத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். தலைவர் தங்கவேல், ஐஸ் கம்பெனி வைத்திருக்கிறவர், சுவரோரம் மர நாற்காலியில். செயலாளர் இசக்கிமுத்து, கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறவர், கையில் பிளேடுடன். பெரிய ரோச்சும் சின்ன ரோச்சும், அண்ணன் தம்பி, பதினோரு வருஷமாக ஒருவரோடு ஒருவர் பேசாமல் கேரம் போர்டில் மட்டும் ஒரே அணியாக ஆடுகிறவர்கள், போர்டின் எதிரெதிர்ப் பக்கத்தில். ஜெயக்கொடி, மன்றத்துக்கு டீ போடுகிறவர், உறுப்பினரும்தான், ஸ்டவ் பக்கத்தில். மச்சாது, தூத்துக்குடித் துறைமுகத்தில் என்னோடு முப்பத்தோரு வருஷம் மூட்டை எண்ணியவர். மச்சாதுவின் தங்கை ரெஜினா, நாற்பத்துநாலு வயது, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அண்ணன் தள்ளிக்கொண்டு வந்து ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் விட்டிருந்தார். நான், அருளப்பன். வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. அதை எண்ணவில்லை.

பெட்டியை அனுப்பியது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று. புதிதாக ஒரு போர் விளையாட்டு செய்திருக்கிறார்கள், கடைக்கு விடும் முன் சில மன்றங்களுக்குச் சும்மா அனுப்பி, ஒரே ஒரு தடவை ஆடிப் பார்த்து, முப்பதாம் தேதிக்குள் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எழுதச் சொல்லியிருக்கிறார்கள், இசக்கிமுத்து நெட்டில் நம் மன்றத்தின் பெயரைப் பதிந்துவிட்டார். இன்னும் ஆயிரம் வருஷம் கழித்து ஏதோ ஒரு நிலவுக்காக இரண்டு கூட்டம் அடித்துக்கொள்வதாகக் கதை. கட்டைவிரல் உயரத்தில் கண்ணாடித் தலைக்கவசம் போட்ட சாம்பல் நிறச் சிப்பாய்கள் முப்பது, ஆறு கால் வைத்த நீல நிற இயந்திரங்கள் முப்பது, பள்ளமும் மேடுமாக நிலவின் தரை அச்சிட்ட விரிப்பு ஒன்று, பகடை பத்து, அளக்கும் நாடா ஒன்று, எண்பத்தெட்டுப் பக்கத்தில் விதிப் புத்தகம் ஒன்று.

"கேரம் இருக்கு, சீட்டு இருக்கு. இந்த வயசுல நமக்கு எதுக்குவே பொம்மை?" என்றார் தலைவர்.

"ஆட வேண்டாம் அண்ணாச்சி, சும்மா நிறுத்திப் பார்ப்போம்," என்றார் இசக்கிமுத்து.

நிறுத்தினார். அறுபதாவது பொம்மை நின்றதும் அறைக்குள் எடை குறைந்தது. ஜெயக்கொடி ஆற்றிக்கொண்டிருந்த டீ மேல் டம்ளரிலிருந்து கீழ் டம்ளருக்கு ஆற அமர இறங்கி வந்தது, அவர் அதைப் பார்த்து, இன்றைக்கு நன்றாக ஆறும் என்றார். என்ன ஆயிற்று என்று கேட்க எழுந்த தலைவர் ஒரு முழம் மேலே போய், வேட்டியைப் பிடித்தபடி திரும்ப வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். இசக்கிமுத்து புத்தகத்தைப் புரட்டி, இந்த நிலவில் எடை ஆறில் ஒரு பங்கு என்று மூன்றாம் பக்கத்தில் போட்டிருக்கிறது என்றார். போட்டிருந்தால் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். ஐஸ் கம்பெனியிலிருந்து மீன் நிறுக்கிற கொக்கித் தராசை வரவழைத்து ஒரு கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டேன். நூற்று அறுபது கிராம் காட்டியது. ஆறில் ஒரு பங்கென்றால் நூற்று அறுபத்தேழு காட்ட வேண்டும், ஏழு கிராம் எங்கே போனது என்று கேட்டேன்.

மச்சாது தங்கையை ஜன்னலிலிருந்து தள்ளி உட்காரவைக்க நினைத்து, தினமும் தூக்குகிற மாதிரி அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார், தினமும் போடுகிற பலத்தைப் போட்டார், ரெஜினா அவர் கையை விட்டு ஜன்னல் மேல்கட்டை வரைக்கும் போய், அங்கே ஒட்டடையைத் தொட்டுவிட்டு, சாவதானமாக இறங்கி, பாதம் முதலில் தரையில் பட நின்றாள். அவள் வேலைக்குப் போன இறால் கம்பெனி வேன் கவிழ்ந்து ஒன்பது வருஷம். கால் இருந்தது, உணர்ச்சி இருந்தது, உடம்பைத் தாங்கும் சக்திதான் இல்லை என்று மூன்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் தன் பாதங்களைப் பார்த்தாள், பிறகு தோளைப் பிடித்திருந்த அண்ணனைப் பார்த்து, "விடு," என்றாள். மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். ஜெயக்கொடி டீ கொடுத்தார். நின்றுகொண்டே குடித்தாள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். முதலில் பக்கத்துச் சந்துக்காரர்கள் வந்தார்கள், பிறகு கடற்கரையோரம் முழுக்க வந்தது, மூட்டுவலிக்காரர்கள் வந்தார்கள், சுமை தூக்குகிறவர்கள் மதியம் அரை மணி நேரம் முதுகை இறக்கிவைக்க வந்தார்கள், மாசம் நிறைந்த பெண்கள் வயிற்றைக் கையால் தாங்காமல் உட்கார வந்தார்கள். ஒரு குடும்பம் இரும்பு பீரோவைத் தள்ளிக்கொண்டு வந்து, உள்ளே வைத்து அதன் பின்பக்கத் துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்துக் காயவைத்துக் கொண்டுபோனது. ஒரு மாப்பிள்ளை பெண்ணை ஒற்றைக் கையில் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டான், பெண் அவனை ஒற்றை விரலில் தூக்கி இன்னொன்று எடுத்துக்கொண்டாள். மீன் வாங்குகிற ஒருவர் கூடையோடு உள்ளே வந்து இங்கேயே நிறுத்துப் போடு என்று மீன்காரியிடம் கேட்டு அடி வாங்கியதால், எடை போட அனுமதி இல்லை என்று ஒரு அட்டை எழுதி மாட்டினோம். மின்சார அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, கூடுதல் மின்சாரம் எதுவும் இழுக்கவில்லை என்று பார்த்துவிட்டு, இடுப்பைப் பிடித்தபடி அரை மணி இருந்துவிட்டுப் போனார். பங்குச் சாமியார் வந்து, மேலிடத்திலிருந்து கடிதம் வராமல் இதைப் புதுமை, அற்புதம் என்று சொல்லக் கூடாது, மெழுகுவத்தி ஏற்றக் கூடாது என்றார். மறுநாளும் வந்தார், முழங்காலுக்காக. நான் வாசலில் ஸ்டூல் போட்டு டோக்கன் கொடுத்தேன். பத்தொன்பது நாளில் இரண்டாயிரத்து முன்னூற்றுப் பதினாறு டோக்கன்.

நாலாம் நாள் ஜெயக்கொடியின் தோள்துண்டு பட்டு ஒரு நீல இயந்திரம் சாய்ந்தது. தராசில் பதினாலு கிராம் ஏறி நூற்று எழுபத்துநாலு ஆனது. பொம்மையைத் திரும்ப நிறுத்தினோம், பதினாலு கிராம் திரும்பவில்லை. விழுந்தது விழுந்ததுதான் என்று புரிந்து அதைப் பெட்டிக்குள் வைத்தோம். அன்றிலிருந்து மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டினோம். கணக்கு எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அறுபது பொம்மை விழுந்தால் எண்ணூற்று நாற்பது கிராம், முதலில் காட்டிய நூற்று அறுபதோடு சேர்ந்து சரியாக ஒரு கிலோ வந்துவிடும்.

ரெஜினா காலையில் பத்து மணிக்கு வருவாள், வாசற்படி தாண்டியதும் எழுந்து நடப்பாள், சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் நாற்காலியில் உட்காரவைத்து வெளியே தள்ளிக்கொண்டு போவார். மூட்டுவலிக்காக வந்த கூட்டத்தில் பாதி அவள் நடப்பதைப் பார்க்க வந்த கூட்டமாக மாறியது. ஒரு அம்மாள் அவள் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், இன்னொருத்தி பூமாலை கொண்டுவந்தாள், "கொஞ்சம் அந்தப் பக்கம் நடந்து காட்டும்மா, இவ இன்னும் பார்க்கல," என்று ஒரு பெரியவர் தன் மகளைக் காட்டிக் கேட்டார். அப்படிக் கேட்டால் ரெஜினா நடக்க மாட்டாள். ஸ்டவ் பக்கம் நின்று விதிப் புத்தகத்தைப் படிப்பாள், புரியாத வரியை இசக்கிமுத்துவிடம் கேட்டு ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வாள். எண்பத்தெட்டுப் பக்கமும் எழுதி முடித்தாள்.

இருபத்தேழாம் தேதி காலை கூட்டம் போட்டோம். டோக்கன்காரர்களை வெளியே நிறுத்திவிட்டு, மறுபடியும் எட்டுப் பேர்.

"கம்பெனிக்கு என்ன எழுதட்டும்? ஆடினோம்னா, ஆடலைன்னா?" என்றார் இசக்கிமுத்து.

"பெட்டி வந்து சேரலைன்னு எழுதும். ஆடினா ஒவ்வொண்ணா விழும், விழுந்தா எடை ஏறும். எந்தக் கிறுக்கனாவது ஆடுவானா?" என்றார் தலைவர்.

"ஆட ஆசைப்பட்டுத்தான் வாங்கினோம் அண்ணாச்சி. ஒரு தடவைகூட ஆடாம ஒரு விளையாட்டைப் பூட்டி வச்சிருக்கோம்."

"அந்தப் பிள்ளை நடக்கிறது உம்ம கண்ணுக்குத் தெரியலையா?" என்றார் ஜெயக்கொடி.

இங்கே எங்கள் மன்றத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் மூட்டை இறங்கும்போது கப்பலில் ஒரு ஆள் எண்ணுவார், கரையில் ஒரு ஆள் எண்ணுவார், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, கடைசியில் இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் கையெழுத்து, ஒரு மூட்டை வித்தியாசம் வந்தாலும் கப்பல் நகராது. மன்றத்தை ஆரம்பித்தவர்கள் துறைமுகக்காரர்கள் என்பதால் இங்கேயும் அதே முறை. கை தூக்கச் சொன்னால் மச்சாது உள்சுவர்ப் பக்கம் நின்று எண்ணுவார், அது கப்பல். நான் வாசல் பக்கம் நின்று எண்ணுவேன், அது கரை. எண்ணுகிறவர்கள் கை தூக்குவதில்லை. தலைவர் சமமாக வந்தால் மட்டும் தன் முடிவைச் சொல்வார்.

வேண்டாம் என்கிறவர்கள் என்றார் தலைவர். ஜெயக்கொடியும் பெரிய ரோச்சும் தூக்கினார்கள். கப்பல் இரண்டு, கரை இரண்டு. ஆடிப் பார்க்கலாம் என்கிறவர்கள் என்றார். இசக்கிமுத்து தூக்கினார், அண்ணன் வேண்டாம் என்றதால் சின்ன ரோச்சு தூக்கினார், ஸ்டவ் பக்கத்திலிருந்து ரெஜினா தூக்கினாள்.

"ரெண்டு," என்றார் மச்சாது.

"மூணு," என்றேன்.

"என்னவே, கண்ணு போச்சா?"

"மூணு கை இருக்கு."

"அவ உறுப்பினராவே?"

"அது எனக்குத் தெரியாது. கை இருக்கு."

கரையில் நிற்கிறவன் மூட்டைக்குள் உப்பா சர்க்கரையா என்று பார்ப்பதில்லை. மூட்டை வந்தால் கோடு. முப்பத்தோரு வருஷம் அப்படித்தான் போட்டேன், அன்றைக்கும் கை பழக்கத்தில் மூன்று கோடு போட்டுவிட்டது. அது தப்பு என்று சொன்னார்கள், பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது கிடையாது என்றார்கள். சேர்க்கக் கூடாது என்றும் எழுதியிருக்கவில்லை, நான் மன்ற விதியைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். போட்ட கோட்டை அடித்து எனக்குப் பழக்கம் இல்லை.

"ஏட்டி ரெஜி, கையை இறக்கு," என்றார் மச்சாது. "உனக்காகத்தானே வேண்டாம்னு சொல்லுதோம்."

"எனக்காகன்னு எதையும் சொல்லாதண்ணே. என்கிட்ட ஒருத்தரும் கேக்கல."

"கேக்கணுமா? ஒன்பது வருஷம் தூக்கிச் சுமந்தவனுக்குத் தெரியாதா? இது போச்சுன்னா மறுபடி அந்த நாற்காலிதான்."

"இப்ப மட்டும் என்ன? ஆறு மணி ஆனா அந்த நாற்காலிதான். வாசப்படி வரைக்கும் எனக்குக் காலு, அதுக்கு அங்கிட்டு இல்ல. பார்க்க வாறவங்களுக்கு நான் படம்." அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணாச்சி, மூணு ஆஸ்பத்திரியில காலுக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடை கொடுக்கணும்னு சொன்னாங்க. நிக்கவே முடியாதவளுக்கு எப்படிக் கொஞ்சமாக் கொடுப்பாங்க? உடம்பு மொத்தமாத்தானே ஏறும். இங்க ஒரு பொம்மைக்கு கிலோவுக்குப் பதினாலு கிராம். இந்த மாதிரி ஏத்துற தராசு எந்த ஊர்ல இருக்கு? பத்தொன்பது நாள் நடந்திருக்கேன். கெண்டைக்கால்ல சதை பிடிச்சிருக்கு. எது வரைக்கும் தாங்குதுன்னு எனக்குத் தெரியணும்."

"தாங்கலைன்னா?" என்றார் மச்சாது.

"தாங்கலைன்னா தாங்கல. அதையும் நான்தானே தெரிஞ்சுக்கணும். இன்னைக்கு விட்டா என்னைக் கண்ணாடிப் பெட்டியில வச்சுருவீங்க. அதோட, எனக்கு அந்த விளையாட்டை ஆடணும். புத்தகம் பூராம் எழுதி வச்சிருக்கேன்."

கணக்கு ஒத்துப்போகவில்லை, ஆகையால் முடிவு இல்லை. மறுபடி எண்ணினோம், ரெண்டு, மூணு. இன்னொரு தடவை, ரெண்டு, மூணு. ரெஜினா கையை இறக்கவில்லை. மணி பதினொன்று பத்து.

"கை வலிக்கும், இறக்கும்மா," என்றார் தலைவர்.

"இந்த அறையில கைக்கு ஏது எடை அண்ணாச்சி? நீங்க சாப்பிட்டுட்டு வாங்க."

சாப்பிடப் போனார்கள், வந்தார்கள். கை அங்கேயே இருந்தது. பெரிய ரோச்சு, "பிடிவாதக்காரி," என்றார், காற்றைப் பார்த்து. "அண்ணன் மாதிரி," என்றார் சின்ன ரோச்சு, அவரும் காற்றைப் பார்த்துத்தான், யாருடைய அண்ணனைச் சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அந்த இருவரின் சொல் ஒன்றுக்கொன்று பதிலாக விழுந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று மணிக்கு மேல் மச்சாது எழுந்து வெளியே போனார். தெருவில், வெயிலில், எடை முழுசாக இருக்கிற இடத்தில் நின்று தன் வலது கையைத் தலைக்கு மேல் தூக்கினார். டோக்கன்காரர்கள் பஸ் எதையோ நிறுத்துகிறார் என்று நினைத்தார்கள். கை தாழ்ந்தது, மறுபடி தூக்கினார். இருபத்திரண்டு நிமிஷம். சட்டை முதுகோடு ஒட்டிப் போய் உள்ளே வந்தவர், யாரையும் பார்க்காமல் காகிதத்தை எடுத்து ரெண்டை அடித்துவிட்டு எழுதினார்.

"மூணு," என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். அவரும் போட்டார். மணி மூன்று இருபத்தைந்து.

மறுநாள் காலை பத்து மணிக்கு வாசலில் நூற்று நாற்பத்து மூன்று பேர். விஷயம் பரவியிருந்தது. இவளுக்கு நடக்கக் கொடுத்துவைத்தது, நமக்கு உட்காரக்கூடக் கூடாதா என்று ஒரு பக்கம் சத்தம். ஒன்பதாம் மாதக்காரி ஒருத்தி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "எனக்கு இன்னும் பத்து நாள் இருக்குக்கா. அது வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"பொறுக்கலாம்," என்றாள் ரெஜினா. "பொறுத்துப் பொறுத்துத்தான் ஒன்பது வருஷம் ஆச்சு. இனி ஒரு நாளும் பொறுக்கிறதா இல்ல. உள்ள வந்து உக்காரு. எடை ஏற ஏற உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்."

அந்தப் பெண் முறைத்தாள். பிறகு உள்ளே வந்து, ஆட்டம் முடியும் வரை நகர மாட்டேன் என்பதுபோல் தலைவரின் மர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். தலைவர் நின்றார்.

எதிர்ப் பக்கம் ஆட ஆள் வேண்டும். மச்சாது சுவரைப் பார்த்து நின்றார். கணக்கைப் போட்டவன் நான் என்பதால் நான் உட்கார்ந்தேன். குறைந்திருந்த நீலப் படையை, இருபத்தொன்பதை, ரெஜினா தன் பக்கம் எடுத்துக்கொண்டாள்.

"அண்ணாச்சி, விட்டுக்கொடுத்து ஆடுனீங்கன்னா அப்பவே நிறுத்திருவேன்."

"எனக்கு விட்டுக்கொடுக்கத் தெரியாதும்மா," என்றேன். உண்மைதான்.

நாடாவால் அளந்து நகர்த்த வேண்டும், தூரத்தைப் பார்த்துப் பகடை உருட்ட வேண்டும், அடிபட்டதைப் பெட்டிக்குள் போட வேண்டும். அவள் நின்றபடி ஆடினாள். முதல் சுற்றில் என் சிப்பாய்கள் இரண்டு பேர் விழுந்தார்கள், தராசைப் பார்த்து இசக்கிமுத்து, "இருநூத்தி ரெண்டு," என்றார். அவளுடைய இயந்திரம் மூன்று விழுந்தது, "இருநூத்தி நாப்பத்துநாலு." வாசலில் இருந்த சத்தம் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படி இறங்கியது, டீ ஒவ்வொரு சுற்றிலும் முன்னைவிடச் சீக்கிரம் டம்ளரில் விழுந்தது, சுவரில் மாட்டிய நாட்காட்டி ஆணியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்க ஆரம்பித்தது, தலைவர் வலது காலிலிருந்து இடது காலுக்கும் இடது காலிலிருந்து வலது காலுக்கும் மாறி மாறி நின்றார். நானூற்றுத் தொண்ணூற்றாறு வந்தபோது ரெஜினாவின் முழங்கால் புடவைக்குள் ஆடுவது தெரிந்தது. மச்சாது சக்கர நாற்காலியை அவள் பின்னால் கொண்டுவந்தார்.

"தள்ளிப் போண்ணே. என் முறை."

மேட்டுக்குப் பின்னால் நான் ஒளித்துவைத்த எட்டுப் பேரை அவள் இரண்டு பக்கமும் சுற்றி வந்து பிடித்தாள். புத்தகத்தில் அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிற ஒரு விதி, எனக்குத் தெரியாது, நோட்டைப் பிரித்துக் காட்டினாள். நான் அவளுடைய ஆறு இயந்திரங்களை ஒரே சுற்றில் வீழ்த்தினேன். அறுநூற்று முப்பத்தாறு. எழுநூற்று ஆறு. இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தாள், பகடையை உருட்ட மட்டும் ஒரு கையை எடுத்தாள், அந்த நேரம் இன்னொரு கையின் விரல்கள் வெளுத்தன. மர நாற்காலியில் இருந்த பெண் வயிற்றுக்கடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, "விடாதீங்கக்கா," என்றாள்.

பதினோராம் சுற்றில் என் கடைசிச் சிப்பாய் விழுந்தான். நானே எடுத்துப் பெட்டியில் வைத்தேன். விரிப்பில் நீலம் பதினொன்று நின்றது. "எண்ணூத்தி நாப்பத்தாறு," என்றார் இசக்கிமுத்து. அதற்கு மேல் ஏறவில்லை. கிலோவுக்கு நூற்று ஐம்பத்து நாலு கிராம்தான் குறைவு, அதைக் கொண்டு யாருடைய முழங்காலும் சந்தோஷப்படாது.

ரெஜினா வியர்வையைத் தோளில் துடைத்தாள். மேஜையை விட்டுக் கையை எடுத்தாள். நின்றாள்.

"கதவு எத்தனை அடி?" என்றாள்.

"உன் அடிக்குப் பன்னிரண்டு," என்றேன்.

நடந்தாள். முதல் மூன்று அடி நேராக இருந்தது. நாலாவதில் இடது கால் இழுத்தது, ஐந்தாவதில் நின்று மூச்சு வாங்கினாள், வாசலில் இருந்தவர்கள் வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தார்கள், ஆறாவதை வைத்தாள், ஏழாவதை வைத்தாள், பிறகு கால் மடங்கி, விழாமல், தானாகவே தரையில் உட்கார்ந்தாள். மச்சாது ஓடினார்.

"தொடாத," என்றாள். "நான் விழல. உக்காந்திருக்கேன்."

மச்சாது நீட்டிய கையோடு நின்றார். தரையில் உட்கார்ந்தபடியே அவள் என் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"எண்ணுனீங்களா அண்ணாச்சி?"

"எண்ணினேம்மா. ஏழு."

"அதை யாரு கேட்டா? மிச்சத்தைச் சொல்லுங்க."

"அஞ்சு," என்றேன்.